துக்கத்தோடு போகிறவர்களுக்கு ஒரு பண்ணைவீடு

கடந்த மாசி மாதத்தில் நாங்கள் தோழியர் மூவர், ஒடுகத்தூருக்கு அப்பால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஒரு பண்ணைவீட்டில் ஐந்து நாள் தங்கினோம். மூவரும் வேலூரில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஒருத்தி செவிலியர், அவளுடைய கணவர் எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துபோனார். இன்னொருத்தி பள்ளி ஆசிரியை. அவளோடு ஏழு ஆண்டு பழகியவர், நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பிறகு, சாதியைக் காரணம் காட்டிய பெற்றோரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு விலகிக்கொண்டார். நான் என் அம்மாவைப் பறிகொடுத்து அப்போது ஓராண்டு ஆகியிருக்கவில்லை. இப்படி மூவருமே மனம் உடைந்திருந்த நேரத்தில் போய் வந்த இடம் என்பதால், சுற்றுலாவுக்குப் போகிறவர்களின் கண்ணோடு அல்லாமல், துக்கத்தோடு போகிறவர்களின் கண்ணோடு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வீட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். இருப்பவை மூன்றே அறைகள். தெரிந்தவர்கள் சொல்லி வருகிறவர்களைத்தான் ஏற்கிறார்கள். ஆகவே பெயரைத் தவிர்த்துவிட்டு, அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். இதேபோன்ற வீடுகள் ஏலகிரியிலும் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலும் இப்போது பெருகி வருகின்றன; அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கும் இது பயன்படலாம்.

வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூர் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து வீட்டார் அனுப்பிய ஆட்டோவில், உத்திரகாவேரி ஆற்றின் வறண்ட மணலை ஒட்டிய பாதையில் போனோம். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. முன்னால் திண்ணை, பக்கவாட்டில் விருந்தினருக்கென்று புதிதாகக் கட்டிய மூன்று அறைகள், பின்னால் படிக்கட்டு வைத்த கிணறு, அதைத் தாண்டி மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலைக் கொல்லையும் பத்துப் பதினைந்து புளியமரங்களும். நீச்சல் குளம் இல்லை, ஊஞ்சல் இல்லை, இரவில் தீ மூட்டிப் பாட்டுப் போடுகிற ஏற்பாடு இல்லை. வீட்டுக்காரரையும் அவர் மனைவியையும் நாங்கள் அண்ணன், அண்ணி என்றே கூப்பிட்டோம். அண்ணனின் தாயாரை அந்தப் பக்கத்து வழக்கப்படி எல்லோரும் ஆயா என்கிறார்கள். இந்த வீட்டின் மிகப் பெரிய வசதி எது என்று என்னைக் கேட்டால் ஆயாவைத்தான் சொல்வேன்.

வந்து இறங்கிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதே ஆயா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "யாரும்மா செத்தது?" என்று கேட்டார். இப்படி நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நகரத்தில் நாம் பழகியிருக்கிறோம். செவிலித் தோழி வேலை செய்கிற இடத்தில், அவள் காதில் விழும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எட்டு மாதமாக அவள் கணவரின் பெயரை அவள் எதிரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆயா பெயரைக் கேட்டார். எப்படிப் போனார், எந்த நேரத்தில் போனார், கொள்ளி வைத்தது யார், கருமாதி எந்த ஊரில் நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "அவருக்கு இன்னா கொழம்பு புடிக்கும்?" என்றார். தோழி பதில் சொல்லத் தொடங்கினாள். காப்பி ஆறிப் போய், விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ஆசிரியைத் தோழியின் கதையையும் ஆயா அதே கவனத்தோடு கேட்டார். காதல் முறிவுதானே என்று அதைச் சாவுக்குக் கீழே வைக்கவில்லை. "ஏழு வருசமா? அப்ப நாளாவும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். "மறந்துவிடு", "இன்னும் நல்ல இடம் அமையும்" என்ற வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்த அவளுக்கு, நாளாகும் என்று ஒருவர் ஒப்புக்கொண்டதே பெரிய ஆறுதலாக இருந்தது என்று அன்றிரவு எங்களிடம் சொன்னாள்.

மறுநாள் காலையிலிருந்து எங்களுக்குக் கையில் வேலை கிடைத்தது. வேலை செய்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாசியில் அங்கே புளி உலுக்குகிற காலம். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் நின்றதும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பழத்தின் ஓட்டை விரலால் நொறுக்கி உதிர்க்க வேண்டும். பிறகு காம்பைப் பிடித்து இழுத்தால் முதுகோடு ஓடும் நார் மூன்று நான்கு இழையாகக் கூடவே வரும். அதன் பிறகு பழத்தைக் கல்லின்மேல் வைத்துச் சின்ன இரும்புத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுக்க வேண்டும். தட்டு பலமாக விழுந்தால் கொட்டை உடைந்து சதையோடு கலந்துவிடுகிறது. மெதுவாக விழுந்தால் வெளியே வருவதில்லை. அந்த அளவு கைக்குப் பிடிபட எனக்கு அரை நாள் ஆயிற்று. நகக்கண்ணில் புளி ஏறி எரிந்தது, விரல் நுனியெல்லாம் பழுப்பாயின. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் தங்களுக்குள் பேசினார்கள், சில நேரம் எங்களையும் கேட்டார்கள், சில நேரம் ஒரு மணி நேரம் யாருமே எதுவும் பேசவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களை நாலு பேருக்கு நடுவில், பேசினாலும் பேசாவிட்டாலும் குறையாகத் தோன்றாதபடி உட்கார வைப்பது எவ்வளவு அரிது என்பது, துக்க வீட்டுக்கு வந்தவர்களை எதிர்கொண்டு களைத்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மா ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனியில் வருடத்துக்கு வேண்டிய புளியை மொத்தமாக வாங்கி, மொட்டை மாடியில் காய வைத்து, உப்புப் போட்டு அடைத்து, பீங்கான் ஜாடியில் வைப்பார். சென்ற ஆண்டு அவர் அடைத்து வைத்த புளி பாதி ஜாடி அப்படியே இருந்தது. அதை எடுத்துச் சமைக்கவும் எனக்கு மனம் வரவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. கடையில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கிக்கொண்டிருந்தேன். புளி தட்டிக்கொண்டே இதை ஆயாவிடம் சொன்னபோது, அது கறுத்திருக்கிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று கேட்டார். கறுத்திருக்கிறது, பூச்சி இல்லை என்றேன். "பழம்புளிதான் ஒடம்புக்கு நல்லது. எட்த்து ஆக்கு. ஒங்கம்மா ஆக்கறதுக்குத்தான அடச்சி வெச்சாங்க?" என்றார். வேலூர் திரும்பிய மறுநாள் அந்தப் புளியில்தான் ரசம் வைத்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவடையாது. மூன்று வேளையும் வீட்டார் சாப்பிடுவதையே நமக்கும் போடுகிறார்கள். காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது இட்லி, மதியம் ஒரு நாள் சாமைச் சோறு, ஒரு நாள் களி, இரவில் தோசையோ மீந்த குழம்போடு சோறோ. இரண்டாம் நாள் மதியம் களியோடு வந்த மொச்சைக்கொட்டை கத்திரிக்காய்க் காரக்குழம்பை எளிதில் மறக்க முடியாது. கத்திரிக்காய் பக்கத்திலேயே விளைகிற இலவம்பாடி முள்ளுக் கத்திரி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் காயின் காம்பிலும் தொப்பியிலும் முள் இருக்கும், ஆகவே அரிகிறவர்கள் கவனமாகப் பிடிக்க வேண்டும். நல்லெண்ணெயில் வதங்கிக் குழம்பில் வெந்த பிறகும் காய் கரையாமல் முழுசாக நின்றது. களியைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்கினால் கூடவே வழுக்கிக்கொண்டு போயிற்று. எட்டு மாதமாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துகொண்டிருந்த செவிலித் தோழி அன்று இரண்டு உருண்டை சாப்பிட்டாள். அவள் கணவருக்குப் பிடித்த குழம்பு அது. முதல் நாள் மாலை ஆயா கேட்டது எதற்காக என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும் என்பதை வயிற்றுக் கோளாறு உள்ளவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டிச் சொன்னால் குறைத்துப் போடுகிறார்கள்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. காலையில் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்கு அண்ணனோடு போய் வந்தோம். அன்றிரவு பக்கத்துச் சிற்றூரில் ஒரு பெரியவரின் கருமாதிக்குக் கூத்து வைத்திருப்பதாகச் சொல்லி, விருப்பமிருந்தால் வரலாம் என்று அண்ணி கூப்பிட்டார். வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் இறந்தவருக்காகக் கர்ண மோட்சம் கூத்து நடத்துவது வழக்கம். கர்ணன் மோட்சம் போவதுபோல் இறந்தவரும் போய்ச் சேருவார் என்பது நம்பிக்கை. இது விருந்தினருக்காக வீட்டார் நடத்துகிற நிகழ்ச்சி இல்லை, நீங்கள் போகும்போது நடக்கும் என்றும் சொல்ல முடியாது. இருந்தாலும் நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

இரவு பத்து மணிக்கு மேல் மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் தொடங்கின. கர்ணன் போருக்குப் புறப்படும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடை கேட்டு வருகிற கட்டத்தில், பிறப்பைச் சொல்லி அவள் அவனை ஏளனம் செய்கிறாள். பிறப்பைக் காரணம் காட்டி விலக்கப்பட்ட ஆசிரியைத் தோழி இந்தக் கட்டத்தை எப்படித் தாங்கப்போகிறாள் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. கிளம்பிவிடலாமா என்றுகூடக் கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள். வேடக்காரர் கிரீடமும் புஜகட்டையும் அதிர, வாங்கிய அவமானத்தை அத்தனை பேர் எதிரில் உரக்கப் பாடினார். கேட்டுக்கொண்டிருந்த ஊர்ப் பெண்கள் பொன்னுருவியை வாய்விட்டுத் திட்டினார்கள். அந்தத் திட்டு தனக்காகவும் சேர்த்து விழுந்ததுபோல இருந்தது என்று பின்னால் தோழி சொன்னாள். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லக்கூட வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அவமானம், ஓர் ஊரே உட்கார்ந்து கேட்கிற கதையாக அங்கே இருந்தது. செவிலித் தோழியோ கூத்தில் பாதியைப் பார்க்கவில்லை. தூக்கமே இல்லாமல் மாத்திரையோடு காலம் தள்ளியவள், அத்தனை மத்தளச் சத்தத்துக்கு நடுவில், முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் மடியில் தலை வைத்து விடியும் வரை தூங்கினாள். அந்த அம்மாள் கால் மாற்றிக்கூட உட்காரவில்லை.

அடுத்த நாள் பிற்பகல் செவிலித் தோழி கேட்டதற்கிணங்க ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குப் போனோம். அங்கே மலைமேல் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிற வைணு பாப்பு வானாய்வகத்தை, மகனுக்குக் காட்டுவதற்காக அவள் கணவர் ஒரு முறை அழைத்துப் போயிருந்தாராம். நம் நாட்டிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1988-இல் இங்கிருந்து கண்டறிந்த சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயரை வைத்திருக்கிறார்கள். இந்தச் செய்திகளையெல்லாம் அவர் மகனுக்குச் சொன்ன அதே வரிசையில் அவள் எங்களுக்குச் சொன்னாள். பண்ணைவீட்டுக்குத் திரும்பிய பிறகு இரவில் கிணற்று மேட்டில் பாய் போட்டுப் படுத்துப் பார்த்தோம். வேலூரில் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரங்கள் அத்தனையும் தெரிந்தன.

இனிக் குறைகளைச் சொல்கிறேன். முதலாவதும் மோசமானதும் கழிப்பறை. அறைகளிலிருந்து நாற்பது அடி தள்ளியிருக்கிறது; வழியில் இருந்த ஒரே விளக்கு நாங்கள் இருந்த ஐந்து நாளும் எரியவில்லை. மலையடிவாரத்தில், பாம்பு நடமாடும் இடத்தில், இது சிறு குறை ஆகாது. கையில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். இரண்டாவதாக, மூவருக்கும் தனித்தனி அறை என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். போனபோது இரண்டுதான் கிடைத்தன. ஆசிரியைத் தோழியும் நானும் ஒரே அறையில் படுத்ததில் எங்களுக்கு வருத்தம் இல்லை என்றாலும், தனியாக அழ வேண்டும் என்றே வருகிறவர்களுக்குத் தனி அறை முக்கியம். முன்பே சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவதாக, சனிக்கிழமை மாலை மூன்றாவது அறைக்கு வந்த இளைஞர்கள் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். அண்ணன் போய்ச் சொல்லி நிறுத்துவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாருடைய மனநிலை எப்படி என்று கேட்டு அறை கொடுக்கிற வீட்டார், சத்தத்தைப் பற்றியும் முன்கூட்டியே கண்டிப்பாக இருப்பது நல்லது. முடிந்தால் வார நாள்களில் போங்கள்.

கைபேசிக்குச் சமிக்ஞை திண்ணையின் கிழக்கு ஓரத்தில் மட்டும் கிடைக்கிறது. இது எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது. பழைய செய்திகளைத் தேடித் தேடிப் படிக்கிற பழக்கத்திலிருந்து ஆசிரியைத் தோழிக்கு ஐந்து நாள் விடுதலை கிடைத்தது. ஆனால் வீட்டில் குழந்தைகளையோ முதியவர்களையோ விட்டுவிட்டு வருகிறவர்கள் வீட்டாரின் எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். குளிக்க வெந்நீர் விறகடுப்பில்தான்; மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் பம்புசெட்டிலும் குளிக்கலாம்.

கட்டணம் உணவோடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். அறையின் வசதியை மட்டும் பார்த்தால் இது சற்று அதிகம். கிடைத்த கவனிப்பையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

முக்கியமான ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்த வீடு சிகிச்சை தருகிற இடம் இல்லை. செவிலித் தோழி மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை அங்கேயும் தவறாமல் சாப்பிட்டாள். நன்றாகத் தூக்கம் வந்ததற்காக நிறுத்திவிடவில்லை. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நம் வேலூரில் சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியைத் தனியாக விடாமல் வீட்டார் ஒருவர் கூடவே தங்கியிருக்கும்படி செய்கிற முறையை அந்த மையம் வெகு காலமாகக் கடைப்பிடித்து வருகிறது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்தைத்தான், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு வகையில், இந்தப் பண்ணைவீட்டிலும் நான் பார்த்தேன்.

ஆகவே தனியாகப் போகாதீர்கள் என்பது என் பரிந்துரை. உங்களைப் போலவே எதையாவது இழந்த ஒரு தோழியையோ நண்பரையோ அழைத்துக்கொண்டு போங்கள். மூவரில் ஒருத்தி அழுத நேரத்தில் மற்ற இருவருக்கும் அது புதிதாக இல்லை. காரணம் கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இரண்டு நாளுக்குக் குறைவாகப் போவதிலும் பயனில்லை. முதல் நாள் முழுவதும் இடத்துக்குப் பழகுவதிலேயே போய்விடுகிறது. சாயம் போனாலும் பரவாயில்லை என்ற பருத்திப் புடவையோ சுடிதாரோ எடுத்துப் போங்கள், புளிக்கறை துவைத்தாலும் முழுசாகப் போவதில்லை. கொசுவத்தி அங்கே இல்லை.

கிளம்பும்போது ஆளுக்கு ஐந்து கிலோ புளி விலை கொடுத்து வாங்கிக்கொண்டோம். அதில் பாதிக்கு மேல் நாங்களே தட்டியதாக இருக்கும். ஆடியில் நான்கு நாளுக்கு மறுபடியும் இடம் கேட்டிருக்கிறோம். இந்த முறை ஆசிரியைத் தோழி தன்னோடு வேலை செய்கிற, சமீபத்தில் மகனை இழந்த ஓர் அம்மாவையும் அழைத்து வருகிறாள். கழிப்பறை விளக்கை மாற்றிவிட்டதாக அண்ணன் போன வாரம் தொலைபேசியில் சொன்னார். வருகிற அந்த அம்மாவின் மகன் பெயர் என்ன என்று ஆயா கேட்கச் சொன்னாராம்.